பப்பாளிக் காம்பும் பச்சை மீனும்

என் ஆசை மாமா,

நீங்கள் இருக்கும் இடத்தில் தறிச் சத்தம் கேட்குமோ கேட்காதோ, என் சத்தம் கேட்காமல் இருக்காது. உயிரோடு இருந்தபோதே என் வாய்க்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடின புருஷன்தானே? இப்போது எங்கே ஓடுவீர்கள்? உட்கார்ந்து கேளுங்கள். நான் கடலுக்குள்ளே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

புருஷன் போய் வருஷம் திரும்புவதற்குள் ராமேஸ்வரத்தில் முழுகி, உடுத்தியிருக்கும் வண்ணச் சேலையைக் கடலோடு விட்டு, வெள்ளை கட்டித் திரும்புவது உங்கள் வீட்டு வழக்கமாம். உங்கள் தம்பி துணைக்கு வருவதாக இருந்தான். உலகச் சண்டை நடக்கிற காலம், நூலுக்கு ரேஷன். அன்றைக்கு நூல் போடுகிறார்கள் என்றதும் நின்றுவிட்டான். நான் தனியாகவே சேலத்தில் ரயிலேறினேன். மூட்டையில் வெள்ளைச் சேலை. உடம்பில் நீங்கள் கடைசியாக நெய்த பச்சைச் சேலை, ரோஜா நிறக் கரை போட்டது. அதை விட்டுவிட்டு வர வேண்டுமே என்று பாம்பன் பாலம் வரைக்கும் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தேன்.

அந்தக் கரைக்காக எத்தனை சண்டை! “பச்சைக்கு ரோஜாவா? புத்தியுள்ள யாராச்சும் இப்படிக் கட்டுவாங்களா பாவாயி? தெருவுல போனா மாடு மெரளும்” என்றீர்கள். அடம்பிடித்துத்தான் நெய்ய வைத்தேன்.

கடலோரம் போனதும் மோகனூர்க்காரி பழக்கம் போகுமா? காவிரியில் இறங்குமுன் ஒரு கை அள்ளிக் குடிப்போமே, அதே நினைப்பில் கடலை அள்ளி மடக்கென்று விழுங்கிவிட்டேன். குடல் வாய்க்கு வந்துவிட்டது. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னக்கா, கடலக் குடிச்சே வத்த வச்சிருவிய போல?”

“எங்கூர்ல குடிச்சுட்டுத்தானுங்க எறங்குவோம்.”

பேச்சு வளர்ந்தது. சின்ன வயதில் பப்பாளிக் காம்பை வாயில் வைத்து மூச்சுவிட்டு, ஆற்றுக்குள் ஒளிந்து விளையாடினதைச் சொன்னேன். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். சிலோனிலிருந்து அவர் கொண்டுவந்த, மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்துக் கயிறு கட்டிய, தண்ணீருக்குள் பார்க்கிற கண்மூடியை எடுத்துவந்தாள். குடிசையோரத்துப் பப்பாளியில் ஒரு காம்பை ஒடித்து இரண்டு முனையும் நறுக்கித் தந்தாள்.

“முழுகுறது இருக்கட்டும்க்கா. மொதல்ல பாருங்க.”

முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். எப்படிச் சொல்வேன் மாமா? உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுபோனது. என் மூச்சு மட்டும் காம்பு வழியாகப் போய்ப் போய் வந்தது. வெயில் உள்ளே இறங்கித் தறியில் இழுத்துக் கட்டின பாவு நூல் மாதிரி மெதுவாக அசைந்தது. பாறையெல்லாம் பூத்திருந்தது. எனக்குக் கைகால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போனது? நீங்கள் பக்கத்தில் மிதந்து வருவதாகத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, அங்கே நீங்கள் இல்லாவிட்டால்?

அப்போது ஒரு மீன் வந்தது. உடம்பெல்லாம் பச்சை. செதிலோரம், வாலோரம் ரோஜா நிறம். நம் சேலையேதான்! கட்டியிருக்கிறது மாமா! வெட்கமில்லாமல் கட்டிக்கொண்டு, பாறையைக் கொறித்தபடி ஊர் சுற்றுகிறது. சிரித்துவிட்டேன். காம்பு வழியாகக் கடல் வாய்க்குள் புகுந்துவிட்டது. எழுந்து நின்று இருமினேன், இருமிக்கொண்டே அழுதேன். நீங்கள் தோற்றதைச் சொல்லிக் காட்ட நீங்கள் இல்லையே, பாவி மனுஷா!

இடுப்பளவுத் தண்ணீரில் வெகுநேரம் நின்றேன். பிறகு முழுகினேன். கரையேறி மூட்டையை அவிழ்த்தேன்.

ஊர் திரும்பி, இளம்பிள்ளையில் நம் வீட்டு வாசலில் நின்றபோது உங்கள் தம்பியின் முகம் கறுத்துவிட்டது.

“ஏனுங்க அண்ணி, சேலையக் கடல்ல உடலீங்களா?”

“உட்டேன் தம்பி. வெள்ளைய உட்டுட்டேன்.”

“ஊரு என்னுங்க சொல்லும்?” என்றான்.

“ஊரா தறியில உக்காந்துச்சு? உங்கண்ணனல்லோ உக்காந்தாரு.”

தெருவில் பேசுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் பேசினாலும் எனக்குக் கேட்கிறது, சில நாள் வலிக்கவும் செய்கிறது. ஆனாலும் மாமா, இது நைந்து கிழியும் வரைக்கும் கட்டுவேன். கிழிந்தால் நானே உங்கள் தறியில் உட்கார்ந்து இதே மாதிரி இன்னொன்று நெய்து கட்டுவேன். இது சத்தியம்.

செத்தும் உங்களை விடாத உங்கள் பெண்டாட்டி,
பாவாயி