சயாம் ரயில் பாதையில் சித்தப்பாவுக்கு வைத்த சோறு

அப்பா,

கழுவக் கொடுத்த படங்கள் இன்று வந்தன. ஆஸ்திரேலியாவில் எங்கள் கிளேட்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். ஆறு, பாலம், தண்டவாளத்தில் நின்று பல்லைக் காட்டும் நான். எதற்கு அப்படிச் சிரித்தேனோ, பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது. நீங்கள் போய் மூன்று வருடம் கழித்து இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் சயாம் என்று சொல்லும் தாய்லாந்துக்குப் போய் வந்தேன் அப்பா. பர்மாச் சண்டைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப ஜப்பான்காரன் உங்களை அடித்து அடித்துப் போடவைத்த அதே பாதைக்கு, டிக்கெட் வாங்கி, சுற்றுலாவாக. மலேசியாவில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நானும் உங்கள் மருமகனும் எங்கள் மகள் பாப்பாவும் இறங்கினோம்.

தீபாவளிக்கு முதல் நாள் படையல் போடும்போது மட்டும்தான் நீங்கள் அதைப் பேசுவீர்கள். இலையில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, "தம்பி, வந்து சாப்பிடுடா" என்பீர்கள். பிறகு எங்களிடம், "வாந்திபேதி. ரெண்டே நாள். ஒரே குழியில எத்தனை பேரு..." அதோடு நிறுத்திக்கொள்வீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அந்தப் பக்கம் போனா அவனுக்கு ஒரு பிடி சோறு வச்சிரும்மா" என்றீர்கள்.

வழிகாட்டி முதலில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது. எங்களோடு வந்த மெல்பர்ன்காரம்மா தன் அண்ணன் பெயரைக் கண்டுபிடித்து விரலால் தடவித் தடவி அழுதார். நான் வழிகாட்டியிடம் கேட்டேன்: "மலாயாவிலிருந்து வந்த தமிழர்கள் எங்கே?"

"காட்டில் எங்காவது இருக்கும், மேடம். பத்து நிமிடத்தில் பஸ் கிளம்பிவிடும்."

பிறகு ரயில் ஏறினோம். காட்டோர ஸ்டேஷன் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றது. ஓடிப்போய்த் தண்டவாளத்து ஓரம் இலையை விரித்தேன். சந்தையில் வாங்கிய சோறு, பொரித்த கருவாடு. பசியில் பாப்பா இலையில் கை வைத்தாள். ஈ மொய்த்த சோறு. உங்கள் "ரெண்டே நாள்" காதில் கேட்டது. வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டேன். வீறிட்டு அழுதாள்.

"சீக்கிரம்! பேரைச் சொல்லிக் கும்பிடு" என்றார் உங்கள் மருமகன்.

எந்தப் பேரை? உங்களுக்குத் தம்பி, எனக்குச் சித்தப்பா. காலேஜில் சரித்திரம் படித்தவள் நான், ராஜாக்கள் பெயரெல்லாம் தலைகீழாகத் தெரியும். விசில் ஊதிவிட்டார்கள். "சித்தப்பா, சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்து ஏறினேன்.

இங்கே வந்ததும் அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். போன வாரம் பதில் வந்தது: "நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அவர் இல்ல. புருஷன் வீட்டு ஆம்பளைங்க பேரை நான் எங்க கேட்டேன், எங்க சொன்னேன்?"

உங்கள் மேல்தான் கோபம் அப்பா. வருஷா வருஷம் கூப்பிட்டீர்களே, ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? நானும்தான் கேட்டேனா?

இப்போது பாப்பாவுக்கு எல்லார் பெயரையும் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் பெயரைக் கணீரென்று சொல்கிறாள், அம்மா கேட்டால் பதறிப்போவாள். இன்று காலை சின்னத் தாத்தாவிடம் வந்ததும் நின்றோம்.

"அவர் பேரு என்னம்மா?"

"தெரியலடா."

"அப்ப தாத்தாகிட்ட கேளு."