தங்க ரிம்மும் காலியான முன் சீட்டும்

டார்க்கான்,
புத்தாண்டு வெள்ளை மாதம் பிறந்த ஏழாம் நாள், காலை.

என் செல்ல மகள் ஹலியூனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். குளிர்காலத்தில் முக்கால்வாசியைத் தாண்டிவிட்டோம். நீயும் அந்தச் சிகாகோ குளிரில் காதை மூடிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு, மனத்தில் குறையில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ விட்டுப்போன காரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, இன்று காலைதான் அப்படி எழுதும் தைரியம் வந்தது. முந்தாநாள் போனில் கேட்டாயே, அங்கே வாங்கியிருக்கிற ஹைப்ரிட் காருக்கு வேறு ரிம் போட வேண்டும், கடையில் பளபளவென்று கறுப்பில் ஒரு செட் பார்த்தேன், போடலாமா அப்பா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்து எதையும் செய்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான் காரணம். கோம்போ மாமாவின் மருமகள் அடுத்த வாரம் அங்கே வருகிறாள், உலர்ந்த தயிர்க்கட்டிப் பொட்டலத்துக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். அம்மா தன் பங்குக்கு உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

உலான்பாத்தரில் பாலத்துக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டே, நீ லைசென்ஸ் எடுத்த வருஷத்திலிருந்து இருக்கிறது, அதில் போன மாதம் இறங்கி ஒரு ரிம் விரிசல் விட்டுவிட்டது. மற்ற மூன்றும் கல் மாதிரி இருந்தன. அதே மாதிரி ஒன்று வாங்கிப் போடுங்க என்றாள் அம்மா. நான் கார்ச் சந்தைக்குப் போனேன். அங்கே தாம்பா என்று ஒரு வியாபாரி, மூக்கு நுனியில் பனி உறைந்திருக்க, தங்க நிறத்தில் ஒரு செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேறு ஏதோ கம்பெனியின் பந்தயக் காரிலிருந்து கழற்றியதாம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, பெல்ட்டுக்கு மேலே வயிறு ஒன்று தனிக்குடித்தனம் நடத்துகிறது, ஆனாலும் பண்டிகைக்கு டார்க்கானில் கோம்போ மச்சான் வீட்டு வாசலில் அந்தச் சக்கரத்தோடு போய் நின்றால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. இந்தப் பிரியஸ் காருக்குச் சேருமா தம்பி என்று கேட்டேன். அஞ்சு ஓட்டை, அதே இடைவெளி, கண்ண மூடிட்டு மாட்டுங்கண்ணே என்றான். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு மாட்டினேன். உன் மூன்று நல்ல ரிம்களையும் மாற்றுக்குக் கொடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள். நீ முதல் சம்பளத்தில் வாங்கிய வண்டி.

வாசலில் அதைப் பார்த்த அம்மா வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தாள். பிறகு, கெழட்டுக் குதிரைக்கு வெள்ளிச் சேணம் போட்டா பந்தயத்துக்குக் கூப்பிடுவாங்களா என்றாள். அசலக் குடுத்துட்டு வந்தீங்களா, என்னையும் ஒரு நாள் அப்படித்தான் மாத்திட்டு வருவீங்க என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உனக்கு இணையா சந்தையில கெடைக்காதும்மா என்று சொன்னேன், அதை அவள், ஏற்கெனவே தேடிப் பார்த்தவன் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் டார்க்கானுக்குக் கிளம்பினபோது பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பின் சீட்டில் அம்மா இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலப்பக்க ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு சாலையிலும் வலப்பக்கமாகவே போகிற எனக்கு, முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. இடப்பக்க முன் சீட்டிலிருந்து அவள் எட்டிப் பார்த்து, காலி, போங்க என்றால்தான் முந்துவேன். பத்து வருஷமாக அவள் கண்ணால்தான் நான் முந்தியிருக்கிறேன். அன்றைக்கு ஊர் எல்லை தாண்டியதும் ஒரு நிலக்கரி லாரி முன்னால் மாட்டிக்கொண்டது. நாற்பதில் அது, நாற்பதில் நான். கண்ணாடி முழுக்கக் கரித்தூள். வெட்கத்தை விட்டு, வழி காலியா பாருடி என்று கேட்டேன். தங்கச் சக்கரம் பார்த்துச் சொல்லும், அதையே கேளுங்க என்றாள். ஸ்டியரிங் லேசாக நடுங்கியது, குளிருக்கு நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். லாரிக்காரனையும் உன் அம்மாவையும் மாறி மாறி மனத்துக்குள் திட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர்ந்தேன்.

திடீரென்று பின்னாலிருந்து, வண்டிய நிறுத்துங்க என்றாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக நிறுத்தினேன். எனக்குக் கீழே ஏதோ டக் டக்குங்குது என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். பின் சக்கரத்தில் ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். மிச்சம் மூன்றும் கையுறை போட்ட விரலாலேயே சுழன்றன. நினைத்துப் பார் ஹலியூன். லாரியை முந்தி எண்பது தொண்ணூறில் போயிருந்தால் இந்தக் கடிதத்தை உனக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அம்மா முன்னால் இருந்திருந்தால் முந்தியிருப்பேன், அந்தச் சத்தமும் கேட்டிருக்காது. என்னைக் காப்பாற்றியது அவள் கோபம். அதைப் போய் அவளிடமே சொல்ல முடியுமா, அப்புறம் வருஷம் முழுக்கக் கோபமாகவே இருப்பாள்.

முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி இதில் போட்டு, எல்லாவற்றையும் முறுக்கி, இருபதில் உருட்டிக்கொண்டு, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்த்து இங்கே வந்து சேர்ந்தோம். கோம்போ மாமாவின் நண்பர் ஒருவர் வளாகத்தில் உன் கார் மாதிரியே ஒன்று, முன்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது. அதன் நாலு ரிம்மையும் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாதான் முடிவு செய்தாள். தையல்காரியாயிற்றே, அவள் கழுத்தில் அளவுநாடா எப்போதும் தொங்குமே, அதை எடுத்து, தங்க ரிம்மின் நடு ஓட்டையை அளந்தாள், வண்டியில் அது உட்காருகிற நடுக்குமிழை அளந்தாள். ரெண்டு மில்லிமீட்டர் பெருசு, காஜா பெருசா இருந்தா பொத்தான் நிக்குமா என்றாள். நட்டும் தப்பாம். உன் பழைய ரிம்முக்கு நட்டின் அடி தட்டை, தங்க ரிம்முக்குக் கூம்பாக இருக்க வேண்டும், நான் பழைய நட்டையே போட்டு முறுக்கியிருக்கிறேன். ஆகவே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான் மகளே. ஓட்டை எத்தனை, இடைவெளி எவ்வளவு என்பதோடு நிறுத்தாதே. நடு ஓட்டையை அள, ரிம்மோடு சேர்ந்த நட்டையும் கேட்டு வாங்கு, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி டயர் எங்கேயாவது உரசுகிறதா பார். ரிம் கனமாக இருந்தால், சிக்கனத்துக்கென்று வாங்கின வண்டியின் மைலேஜைக் குடித்துவிடும். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் போனதும் நட்டை மறுபடி முறுக்கு. கறுப்பா வெள்ளியா என்பதைக் கடைசியில் யோசி. நான் முதலில் யோசித்தேன்.

இப்போது சாம்பல் நிறத்தில், கீறல் விழுந்த, பார்க்க ஒன்றுமில்லாத நாலு ரிம் போட்டிருக்கிறது, நேற்று ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. தங்கத்தில் ஒன்றை மாமாவின் நாய் தன் படுக்கையாக்கிக்கொண்டது. மூன்றைச் சந்தைக்குக் கொண்டுபோய், தாம்பாவிடம் கண்ணைத் திறந்துகொண்டு பேச வேண்டும், உன்னுடையவை இன்னும் விற்காமல் இருந்தால் அது என் புண்ணியம்.

இன்று வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஆறு நாளாக அம்மா என்னிடம் உப்புக்கும் தேநீருக்கும் மட்டும் பேசினாள், எந்தச் சீட்டில் உட்காருவாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. முன் கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அத்தை வாசலில் பால் வாளியோடு நிற்கிறாள், நாலு சக்கரத்துக்கும் தெளித்து வழியனுப்ப. நீ காதை மூடு, நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணியது கைகூடி நூறாண்டு இரு, தூரத்திலிருந்தே உன் நெற்றியை முகர்ந்துகொள்கிறேன். நட்டு விஷயம் மறக்காதே.

உன் அப்பா,
சோத்னோம்.

இதோ அம்மா வண்டியருகே போய்விட்டாள். கைப்பையை முன் சீட்டில் வைத்திருக்கிறாள். ஆள் இன்னும் வெளியேதான் நிற்கிறாள், நாடாவை எடுத்துக் குனிந்து சக்கரத்தை இன்னொரு தரம் அளக்கிறாள்.