பதினாலாம் நம்பரில் ஏழு நிறுத்தம்

ஜூன் 3, திங்கள்

ஒருவழியாகப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. நாளையிலிருந்து பதினாலாம் நம்பர் பஸ். "புறநகரையே சுத்திச் சுத்தி வர்ற ரூட்டு. எல்லாரும் வேணாம்னு ஓடறாங்க, நீ என்னடான்னா கெஞ்சிக் கேக்கற" என்றார் டைம் கீப்பர். அவருக்கென்ன தெரியும்.

விடியற்காலை ஷிப்டுக்காக, தூங்குகிற ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுப் போனவள் நான். விழித்தவள் என்னைத் தேடி வெறுங்காலோடு மெயின் ரோடு வரைக்கும் நடந்திருக்கிறாள். குழந்தைகள் நலத்துறை அவளைக் கூட்டிக்கொண்டு போய் வேறொரு வீட்டில் வளர்க்கக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. பகல் வேலை கிடைத்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார் கேஸ் பார்க்கிற மேடம். கிடைத்துவிட்டது. அக்காவும் கூட வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டாள். அவளை என்னிடம் திருப்பித் தரலாமா என்று 21-ம் தேதி விசாரணை.

ஜூன் 4, செவ்வாய்



காலை 7:50, தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். இடுப்பில் கைக்குழந்தையும் கையில் குடையுமாக ஒரு அம்மா. அவள் பக்கத்தில் ஸ்கூல் பையோடு என் வாண்டு.

அவள் எந்த வீட்டில் வளர்கிறாள் என்பதை எனக்குச் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஆபீஸ் அறையில், மேடம் எதிரில் மட்டும்தான் பார்க்கலாம். வெளியே தற்செயலாகப் பார்த்துவிட்டால் அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

படியேறியதும் "அம்—" என்று வாய் திறந்தாள். பயத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தலைக்கு மேல் இருந்த பலகையைக் காட்டி, "பாப்பா, டிரைவர்கிட்ட பேசக்கூடாது" என்றேன். யார் பெற்ற பிள்ளையிடமோ சொல்வதுபோல. எழுத்துக்கூட்டிப் படித்தாள். தலையாட்டினாள். முதல் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். குடைக்காரம்மா எதையும் கவனிக்கவில்லை.

ஏழு நிறுத்தம். பதினோரு நிமிடம். கண்ணாடியில் அவளையேதான்... ரோட்டையும் பார்த்தேன்.

மேடத்துக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 5, புதன்

சொல்லவில்லை.

ஜூன் 8, சனி

ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். எப்போதும் ஓடி வந்து மேலே விழுகிறவள் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. "உடம்பு சரியில்லையோ என்னவோ" என்றார் மேடம். என்மேல் கோபமா? என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினாள்.

ஜூன் 12, புதன்

முன்பல் விழுந்திருக்கிறது. கண்ணாடிக்குள்ளே என்னைப் பார்த்து ஈ என்று காட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே கண்ணாடியைச் சரிசெய்து வைத்துக்கொள்கிறேன். திருட்டுச் சந்தோஷம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 15, சனி

இன்றைக்கும் யூனிஃபார்மோடுதான் போனேன். இன்றைக்கும் அவள் பேசவில்லை. என் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். மேடம் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். "மனசுல வச்சுக்காதீங்க. பார்த்ததைத்தான் எழுதறேன். கொழந்தை உங்ககிட்டேருந்து விலகிப் போகுது" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே அண்ணாந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி! அவள் கண்ணாடியைத் தேடுகிறாள். அடிப்பாவி, நான் சொன்னதைத்தான் செய்கிறாள். யூனிஃபார்ம் போட்டிருந்தால் நான் டிரைவர். டிரைவரோடு பேசக்கூடாது.

"இங்க பேசலாம்டா" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "பஸ்ல மட்டுந்தான் கூடாதா?" என்று அவள் கேட்டால்? விழுங்கிக்கொண்டேன். சொன்னாலும் கெட்டேன், சொல்லாவிட்டாலும் கெட்டேன். யாரிடம் போய் அழுவது?

ஜூன் 16, ஞாயிறு

அக்கா சொல்கிறாள்: "வாய மூடிட்டு இரு. விதிய மீறினேன்னு நீயே போய் நிக்கப் போறியா? நாளைக்கு பஸ்லயே கொழந்தை காதுல மெதுவா சொல்லிடு, ஆபீஸ்ல அம்மாகிட்ட பேசு, பஸ்ஸப் பத்தி மட்டும் சொல்லாதன்னு."

அது நடக்கும். அவள் சமர்த்து. ஒன்பது நாளாக அந்தக் குடைக்காரம்மாவிடம்கூட மூச்சு விடவில்லையே. அதுதான் என்னை அடிக்கிறது. ஆறு வயதில் எவ்வளவு பெரிய ரகசியத்தைச் சுமக்க வைத்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

வெள்ளி வரைக்கும் லீவு போட்டேன். தினமும் பஸ் ஓட்டுகிறவள், பயணியாக ஏறி, தப்பான நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு தெரு சுற்றி வியர்த்து விறுவிறுத்து ஆபீஸ் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை நாளு?"

"ஒம்பது."

"இத நான் எழுதாம இருக்க முடியாதும்மா."

"எழுதுங்க. ஆனா அவ விலகிப் போகல மேடம், அதையும் சேத்து எழுதுங்க. நான் சொன்னபடி கேட்டா, அவ்ளோதான்."

ஜூன் 21, வெள்ளி

விசாரணை. இரண்டு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள். நாளைய சந்திப்பும் ரத்து. ரூட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். வாசலில் அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 24, திங்கள்

இருபத்திரண்டாம் நம்பர். 7:50-க்கு கை தானாக இண்டிகேட்டர் பக்கம் போயிற்று.

ஜூன் 29, சனி

டிப்போவிலேயே யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு மஞ்சள் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க அம்மாகிட்ட எவ்ளோ வேணா பேசலாம்" என்றார் மேடம். நம்பவில்லை. சுவர் சுவராகப் பலகை தேடினாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்:

"இன்னிக்கு நீ டிரைவர் இல்லியா?"

"இல்லடா. அம்மாதான்."

அவ்வளவுதான். முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். "நீ ஸ்டாப்பத் தாண்டிப் போய் நிறுத்தின, ஒரு தாத்தா திட்டுனாரு. நீ ஏன் திருப்பித் திட்டல? அப்பறம் ரெண்டாவது நாளு..." ஒன்பது நாளையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். இடையில் பல் விழுந்த கதை வேறு.

ஒரு மணி நேரம் முடிந்தபோது ஆறாவது நாளில்தான் இருந்தாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.