அளவு ஜாக்கெட்

புதுச்சேரி
24.6.2024

அன்புள்ள ஹேமாவுக்கு,

அண்ணன் விஜயராகவன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், இன்னும் கொஞ்சம் படி. இங்கே சாரம் பகுதியில் உன் நாத்தனார் பாக்கியலட்சுமியைப் போய்ப் பார்த்தேன். போன் நம்பர் தரமாட்டேன் என்றார், முகவரி மட்டும் தந்தார். "எழுதுங்க. படிக்கிறதும் வுடறதும் அவ இஷ்டம்" என்றார்.

வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் நம் வீட்டைச் சேர்க்கலாமா என்று ஒரு குழு பார்க்கிறது. கீழே தேக்குத் தூணும் முற்றமும், மாடியில் வெள்ளைக்கார வளைவு ஜன்னலும் இப்படி ஒன்றாக இருக்கும் வீடு இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தானாம். கார்குழலி என்று ஒரு பெண் டேப்பும் கையுமாக மூன்று நாளாக அளக்கிறாள். பல்லி அசையாமல் நின்றால் அதையும் அளந்துவிடுவாள்.

எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. என் மகன் எழிலரசன் ஒரு ஓட்டல்காரரிடம் பேசி முடித்துவிட்டான். நான் கண்ணை மூடினால் மறுமாதமே கடப்பாரை இறங்கும். பட்டியலில் ஏறிவிட்டால் யாராலும் இடிக்க முடியாது. அப்பா உயில் எழுதவில்லை, உனக்கும் பங்கு உண்டு. அதனால் உன் கையெழுத்தில்லாமல் மனு செல்லாது. ஜூலை கடைசி வரைக்கும்தான் நேரம்.

இன்னொன்று. நீ சிரித்தாலும் பரவாயில்லை. அம்மா போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. பின்னறையில் அவளுடைய தையல் மிஷின் மத்தியானத்தில் ஓடுகிறது. உன் அண்ணி சுமலதாவும் கேட்டாள். பெல்ட்டைக் கழற்றி வைத்தேன். அப்படியும் ஓடுகிறது.

உன் அண்ணன்,
விஜயராகவன்

திருப்பூர்
3.7.2024

அண்ணனுக்கு,

ஹேமலதா எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். மகள் கவிநிலா கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்கே ஒரு மகன் பிறந்துவிட்டான். இதெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் கடிதம், அதுவும் கையெழுத்துக்காக! மில் தொழிலாளியோடு போனவள் என்று அப்பா தலைமுழுகினார், சரி. நீங்கள் எனக்குக் கூடப்பிறந்தவர்தானே? முதல் வருஷமே உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. அம்மா இறந்த செய்தி எனக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியவில்லை. அந்த வீடு இருந்தால் எனக்கென்ன, இடிந்தால் எனக்கென்ன?

மிஷின் சத்தத்துக்கு நான் சிரிக்கவில்லை. எனக்கும் ஒன்று உண்டு. வருஷா வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சோறு இறங்காது. உடம்புக்கு ஒன்றும் இருக்காது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டி எழுப்பிவிட்ட மாதிரி வயிறு நிறைந்திருக்கும். வாயில் சுறாப்புட்டு வாசனை வரும். டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். அம்மா போன பிறகு அது நின்றுவிட்டது.

கையெழுத்து போடமாட்டேன்.

ஹேமலதா

புதுச்சேரி
10.7.2024

அன்புள்ள ஹேமா,

உன் கடிதத்தைப் படித்தேன். மறைத்ததை இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ போன பிறகு உன் பேரை யாரும் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு வருஷம் அம்மா வாய் திறக்கவில்லை. மறுவருஷம் ஆடியில் ஒருநாள், "ஹேமா கனவுல வந்தா. பசிக்குதுன்னு அழுவுறா. செத்துப் போயிட்டா போலருக்கு. பூவாடையா நின்னு கேக்குறா" என்றாள். கன்னியாகச் செத்த பெண் பூவாடைக்காரியாக, வீட்டுச் சாமியாக வந்து கேட்டால் எந்த வீட்டில் மறுக்க முடியும்? அப்பாவும் மறுக்கவில்லை. பின்னறையில் பெட்டி வைத்து, ஆடி வெள்ளியில் புதுப்புடவை படைத்து, உன் பேரைச் சொல்லித்தான் கும்பிட்டோம். சுறாப்புட்டும் உண்டு. "சாமிக்கு எவளாவது சுறாப்புட்டு படைப்பாளா?" என்று அப்பா கத்துவார். "அவ கேட்டா, செஞ்சேன்" என்பாள் அம்மா.

படைத்த புடவையை அடுத்த வருஷம் வீட்டுப் பெண் எடுத்துக் கட்டிக்கொள்வதுதானே வழக்கம். அம்மா யாரையும் தொடவிடவில்லை. "அவளுதாவே இருக்கட்டும்" என்பாள்.

உன் கடிதம் என் கைக்கு வந்தது ஹேமா. அப்பாவுக்குப் பயந்து அடுப்பில் போட்டேன். நீ உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே முப்பத்தொரு வருஷம் உனக்குக் கற்பூரம் காட்டினேன். அம்மா உன்னைச் செத்தவளாகவே நினைத்துப் போய்ச் சேர்ந்தாள். அந்த அறைக்குள் போக எனக்குக் கால் வருவதில்லை.

இப்போது மாட்டிக்கொண்டேன். பூவாடை அறை யாருக்கு என்று கார்குழலி கேட்டபோது, பழக்கத்தில் 'ஹேமலதா, இறப்பு 1990' என்று மனுவில் எழுதிவிட்டேன். அதே மனுவில் வாரிசு என்ற இடத்திலும் ஹேமலதா. "சார், செத்தவங்க எப்படி சார் கையெழுத்து போடுவாங்க?" என்று கேட்டாள். இதில் இன்னொரு சிக்கல். இப்படித் தூணும் ஜன்னலும் உள்ள வீடு இன்னும் இரண்டு இருக்கிறதாம். சுமலதா இன்றைக்கும் விளக்கேற்றிக் கும்பிடும் அறை இருப்பதால்தான் நம் வீட்டுக்கு முதலிடம் தரப் பார்க்கிறார்கள். பட்டியலில் ஏறினால் அந்த அறையும் அப்படியே நிற்கும், யாரும் மாற்றக்கூடாது. நீ இருக்கிறாய் என்று சொன்னால் அறை பொய்யாகிவிடும், வீடு தப்புமா என்று தெரியாது. நீ இல்லை என்றால் வீட்டில் நீ என்றைக்கும் செத்தவள். எதைச் செய் என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

கார்குழலி பெட்டியைத் திறந்து கணக்கெடுத்த தாளையும் அனுப்புகிறேன். புடவை முப்பத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் அம்மாவே தைத்து வருஷம் குறித்து வைத்த ஜாக்கெட் ஒன்று. கார்குழலி மார்பளவுகூட விடாமல் எழுதியிருக்கிறாள்: 1991இல் 32, 1993இல் 36, 1996இல் 34, 2008இல் 38, கடைசியாக 2021இல் 40. ஏன் ஒரே அளவாக இல்லை என்று கேட்டாள். அம்மாவுக்குப் பார்வை மங்கல், குத்துமதிப்பாகத் தைத்திருப்பாள் என்றேன்.

விஜயராகவன்

திருப்பூர்
20.7.2024

அண்ணனுக்கு,

தாளைப் படித்துவிட்டு இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. நான் இந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிறவள். உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் வீட்டை விட்டுப் போனபோது என் அளவு 32. கவிநிலா பிறந்தது 93 மார்ச்சில். பிள்ளை பெற்றவளுக்கு அளவு ஏறும், பால் மறந்த பிறகு இறங்கும். நாற்பதை நெருங்கும்போது மறுபடி ஏறும். பார்வை மங்கலாம்! அம்மாவுக்குக் கை ஒரு நூல்கூடப் பிசகாது அண்ணா. செத்தவளுக்கு எங்கேயாவது வயது ஏறுமா? செத்த பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தால் முப்பத்தொன்றும் 32 ஆகத்தான் இருக்கும்.

அம்மாவுக்குத் தெரியும். பாக்கியலட்சுமியைக் கடைத்தெருவில் எங்கேயாவது பார்த்துக் கேட்டிருப்பாள், என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருப்பாள். நீங்கள் கடிதத்தை எரித்தீர்கள், அம்மா உங்கள் எல்லோரையும் ஏமாற்றினாள். உயிரோடு இருக்கும் மகள் பேரைச் சொல்ல அந்த வீட்டில் வழியில்லை. செத்தவளாக்கினால் சொல்லலாம், புடவை எடுக்கலாம், பிடித்ததைச் செய்து போடலாம். நானும் இங்கே ஆடிக்கு ஆடி சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், தெரியாமலே.

கையெழுத்து போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'இறப்பு 1990' என்பதை அடித்துவிடுங்கள். 'உயிரோடிருக்கும் மகளுக்குத் தாய் முப்பத்தொரு வருஷம் துணி தைத்து வைத்த அறை' என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பில்லை என்று அந்தக் குழு சொன்னால் வீடு போகட்டும். பொய்யாக நிற்பதைவிட அது மேல். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எவ்வளவோ பார்த்தேன், கை வரவில்லை. வந்தால் நேரில் சொல்கிறேன்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு வருகிறேன். பெட்டிக்கு எதிரே படைக்க வேண்டாம், கூடத்தில் இலை போடச் சொல்லுங்கள். அண்ணிக்குச் சுறாப்புட்டு வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் வந்து நானே செய்கிறேன்.

மிஷின் ஓடுவதற்குப் பயப்படாதீர்கள். அம்மா போன பிறகு மூன்று ஆடிக்கு ஜாக்கெட் பாக்கி நிற்கிறது. எனக்குச் சர்க்கரை வந்து இளைத்தது அவளுக்குத் தெரியாது, அளவு தெரியாமல் தவிக்கிறாள். பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, அந்த அறைக்குள் போய்ச் சத்தமாகச் சொல்லுங்கள். முப்பத்தாறு.

உங்கள் தங்கை,
ஹேமா