அட்டவணையில் இல்லாத குழிகள்

என் செல்லத் தம்பி செந்திலுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டேன்டா. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆரணியில் நம் அலுவலகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உன் நாற்காலியை எடுக்கவில்லை, வரைபடச் சுருள்களைப் போட்டு வைத்திருக்கிறேன். கட்டடக் கணக்கு எனக்கு, மண் உனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே அத்தனை வருடம் ஓட்டினோம்? இப்போது மண்ணையும் நானே பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அஸ்திவாரக் கையேடு ஞாபகம் இருக்கிறதா? தலையணை மாதிரி தடித்த அந்தப் புத்தகத்தில் எந்த அட்டவணையைத் திறந்தாலும் ஓரத்தில் உன் கோழிக்கிறுக்கல் இருக்கும். பெரிய பெரிய நிபுணர்கள் எழுதிய புத்தகத்தில் இவர் திருத்தம் போடுகிறாராம் என்று நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! நீ அசரவே மாட்டாய். "எழுதனவங்க யாரும் நம்ம ஊர்ல வந்து தோண்டிப் பாக்கலக்கா" என்று சிரிப்பாய்.

நீ போன பிறகு உன் புத்தக அலமாரியைப் பார்த்தாலே கவிதா அழுதாள். உன் பெண்டாட்டி அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், எல்லாவற்றையும் செய்யாறு பக்கம் ஒரு பாலிடெக்னிக் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான். கொடுப்பதற்கு முன் மூன்று நாள் உட்கார்ந்து உன் பென்சில் எழுத்தை முழுக்க ரப்பரால் அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் கைக்குப் போகிற புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். படித்தால் எனக்கும் அழுகை வரும் என்று ஒரு வரிகூடப் படிக்காமல் அழித்தேன். பிறகு புதுப் பதிப்பு ஒன்றை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன். உன் அக்கா எவ்வளவு கெட்டிக்காரி பார்.

போன வருடம் சேகர் என்பவர் வந்தார். தலைமுறையாகப் பட்டு நெய்த குடும்பம். இப்போது ஊருக்கு வெளியே விசைத்தறி ஷெட் போட்டிருக்கிறார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும் என்றார். அப்போது வீட்டில் ஆட்கள் குடியிருந்ததால் பின்பக்கத் தோட்டத்தில் குழி எடுத்து மண்ணைப் பார்த்தேன். நல்ல கெட்டிக் களிமண். கையேட்டில் கேட்கச் சொல்லியிருந்ததையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். கிணறு இருந்ததா, குட்டை இருந்ததா, கழிவுநீர்த் தொட்டி இருந்ததா? எதுவும் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மைதான். கெட்டிக் களிக்கு அட்டவணை எவ்வளவு தாங்கும் என்றதோ அதையே எடுத்து அஸ்திவாரம் போட்டேன்.

குடிபோய் நாலு மாதத்தில், மாடி ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியது. பூச்சு விரிசலாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே விரிசல் வளர்ந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வந்தேன். பத்தே நாளில் கண்ணாடி உடைந்துவிட்டது. மேற்கு மூலை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பழி முழுக்கப் பழனி மேஸ்திரி தலையில் விழுந்தது. சிமென்ட்டைக் குறைத்துவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு. அதே தெருவில் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலை அவர் கையை விட்டுப் போனது. நம்மோடு இத்தனை வருடம் வேலை செய்த மனிதர், அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "நீங்க போட்டுக் குடுத்தபடிதான் கட்டனேன். நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க மேடம்." பார்க்கலாம் மேஸ்திரி என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருப்பாயா?

கடைசியில் அந்த மூலையில் அஸ்திவாரத்தை ஒட்டி உள்பக்கமாகத் தோண்டினோம். சாம்பல், உமி, உடைந்த ஓடு, நூல் கழிவு எல்லாம் கலந்து வந்தது. அதற்குக் கீழே, நம் அஸ்திவாரம் உட்கார்ந்திருந்த இடத்தில், களிமண் தோசைமாவு மாதிரி குழைந்து கிடந்தது. குழித்தறி இருந்த இடம் என்று பழனி மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். நெசவு செய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பதற்காகத் தரையில் எடுத்த குழி. தறியை எடுத்த பிறகு கைக்குக் கிடைத்ததைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அதற்குள் வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி அடிமண் ஊறிப்போகிறது. நாம் சந்தவாசல் பக்கத்து விவசாயக் குடும்பம். தறி வீட்டுக்குள் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு மட்டும் எப்படிடா தோன்றியது?

நீ இதைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தாயா என்று பார்க்க, மறுநாள் அந்த நூலகத்துக்குப் போனேன். உன் கையேட்டின் அட்டவணைப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நீதான் பென்சிலைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்துவாயே, தடம் அப்படியே இருந்தது. 'தறி வீடா? எத்தனை தறி, எங்கெங்கே என்று கேள். தோட்டத்து மண்ணை நம்பாதே. அட்டவணை சொல்வதில் பாதி எடு.' எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து நூலகர் விளக்கைப் போட்டுவிட்டார். அந்த வெளிச்சத்தில் தடம் மறைந்துவிட்டது. நான் அழுவது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

இன்று காலை சேகரையும் பழனி மேஸ்திரியையும் ஒன்றாக உட்கார வைத்தேன். "மேஸ்திரி மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான் குடுத்த அளவுதான் தப்பு. புக்க மட்டும் நம்பி, கேக்க வேண்டியத நான் கேக்கல" என்றேன். அடியில் தோண்டி அஸ்திவாரத்தை அகலப்படுத்தித் தருவது என் பொறுப்பு, அதுவரை மாடியில் யாரும் இருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். சேகர் கத்துவார் என்று தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதே புக்க வெச்சிகினு இன்னும் எத்தினி வூடு போட்டீங்க மேடம்?"

அந்த ஒரு கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. பழைய தறி வீட்டு மனைகளில் இன்னும் ஆறு வீடு கட்டியிருக்கிறேன். ஐந்து பேர் பெயரைச் சொன்னேன். ஆறாவதைச் சொல்ல வாய் வரவில்லை.

அது உன் வீடு, செந்தில். நீ போன பிறகு கவிதாவும் உன் மகள் யாழினியும் வாடகை வீட்டில் அல்லாட வேண்டாம் என்று, பழைய தறி வீடு இருந்த மனையை வாங்கி, நானே வரைந்து நானே நின்று கட்டிக் கொடுத்தது. மாடி அறை யாழினிக்கு. அங்கே எத்தனை தறி இருந்தது, எங்கெங்கே இருந்தது, எனக்குத் தெரியாது. விரிசல் விட்டிருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

இதை மடித்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். பழனி மேஸ்திரி கடப்பாரையோடு அங்கே வந்துவிடுவார். அந்த வீட்டையும் கட்டியவர் அவர்தானே, நான் கேட்காமலே வருகிறேன் என்றார். நான் என்ன அழித்தேன் என்பதைக் கவிதாவிடம் மறைக்காமல் சொல்வேன், அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். இன்று முதல் யாழினி என் வீட்டில்தான் தூங்குவாள். உன் வீட்டு அடிமண்ணை என் கையால் பிசைந்து பார்க்கும் வரை அவளை அந்த மாடி ஏற விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் அக்கா,
யாழினியின் அத்தை,
சுமதி