காட்சி எண் அறுபத்தொன்பது

மந்தைவெளி,
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள கருணாகரனுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லூயிசா நலமாக இருக்கிறாள். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, மூன்று நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்பது கல்லூரிக் காலத்தில் நான் போட்ட விதி. ஒருவர் அபிப்பிராயம் மற்றவர் மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயம். உனக்குக் காது கேட்காமல் போன பிறகு அந்த விதி வசதியாகவும் ஆகிவிட்டது.

நேற்று நீ வந்திருக்க வேண்டும். ஆழ்வார்பேட்டையில் ஃபிலிம் கிளப் நடத்தும் ஆஸ்வின், நம் வேலவதாசனின் ‘பழைய எண் பதினாறு’ படத்தைத் திரையிட்டான். 1983 தீபாவளிக்கு முன்னால் நாம் பார்த்தோமே, ஒன்பதே நாள் ஓடி, பிரதியே இல்லை என்று கைவிடப்பட்ட படம், அதுதான். இப்போது ஒரு பிரதி கிடைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். புரூஃப் ரீடர் சிவப்பிரகாசம் மேலாளர் அறைக்குள் போகும் முன் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறான், இரண்டடி நடந்து மறுபடியும் துடைக்கிறான். ஒரு வசனமும் இல்லாமல் ஒரு மனிதனைப் பயந்தவன் என்று காட்ட வேலவதாசனைத் தவிர யாரால் முடியும்? அவர் எடுத்த ஒன்பது படங்களுக்கும் காட்சிக்கு எண் போட்டு ஒன்பது நோட்டு வைத்திருக்கும் பைத்தியக்காரன் கேட்கிறேன்.

ஆனால் கருணா, அறுபத்தொன்பதாவது காட்சி படத்தில் இல்லை.

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் தேடி மழையில் சிவப்பிரகாசம் சைதாப்பேட்டைக்கு வருகிறான். பழைய எண் பதினாறு. கதவை மூன்று முறை தட்டுகிறான். அவள் திறந்து, அழாமல், திட்டாமல், “குடை எங்க?” என்கிறாள். “பஸ்ல விட்டுட்டேன்.” “இதோட மூணாவது.” அவ்வளவுதான், படம் முடிகிறது. நேற்று அவன் வாசல் வரை வந்தான், எண்ணைப் பார்த்தான், திரும்பி நடந்துவிட்டான். வெறும் தெரு. அரங்கில் விளக்கு போட்டுவிட்டார்கள்.

வெட்டிவிட்டீர்களா என்று ஆஸ்வினிடம் கேட்டேன். சென்சார் சான்றிதழில் உள்ள நீளமும் இந்தப் பிரதியின் நீளமும் அடிக்கு அடி ஒன்று என்று காகிதத்தைக் காட்டினான். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். காட்சி 69, என் கையெழுத்தில், தட்டல், குடை, எல்லாம் இருக்கிறது. 24ஆம் தேதி அதே கிளப்பில் நான் ‘மூன்று தட்டல்கள்’ என்று பதினான்கு பக்கக் கட்டுரை படிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இல்லாத காட்சியைப் பற்றி!

ஷில்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. போன மாதம் கேஸ் அடுப்பை அணைக்க மறந்ததையும் இதையும் சேர்த்து, அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் மாலை நேரம் வாங்கிவிட்டாள். பெற்ற பெண் அக்கறையில் செய்கிறாள், குறை சொல்லவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது. அன்று அந்தக் காட்சியைப் பார்த்திராவிட்டால், அதற்கு அடுத்த சனிக்கிழமையே சாந்தோமில் என் மாமியார் வீட்டுக் கதவைத் தட்டி, கோபித்துப் போயிருந்த லூயிசாவை அழைத்து வந்திருப்பேனா என்பது உனக்குத் தெரியும். அதுவே நான் கற்பனை செய்தது என்றால், என் தலைக்குள் வேறு எதை நம்புவது?

அன்று என் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நீ. பார்த்தோமா இல்லையா? ஒரு வரி எழுது.

உன்,
ராஜநாயகம்

*

தியாகராய நகர்,
7 ஆகஸ்ட் 2025

ஏலே ராஜநாயகம்,

ஒரு வரி கேட்டாய், நாலு வரியாக எழுதுகிறேன். பார்த்தோம். மூன்று தட்டல், குடை, எல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு பிரதி, பிரதிக்கு ஒரு முடிவு. டாக்டரும் வேண்டாம், கீக்டரும் வேண்டாம். அடுப்பை அணைக்க மறப்பது வியாதி என்றால் ரங்கநாதன் தெருவில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

கடையைப் பாலகணேஷ் பார்த்துக்கொள்கிறான். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அப்பா எங்கே உட்கார்ந்தாலும் இடைஞ்சல் என்று என்னை மாடிக்கு ஏற்றிவிட்டான். முட்டி, ஏற மட்டும் சம்மதிக்கிறது, இறங்கச் சம்மதிப்பதில்லை.

கட்டுரையைச் சுருக்கமாகப் படி. லூயிசாவுக்கு என் வணக்கம்.

கருணாகரன்

*

மந்தைவெளி,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கருணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் மனத்திலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்துவிட்டாய். ஷில்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “கருணா மாமாவும் பார்த்தாருன்னா சரிப்பா”, என்று சந்திப்பை ரத்து செய்யச் சம்மதித்துவிட்டாள்.

அத்தோடு விடவில்லை. சாட்சி ஒன்று என்றால் சந்தேகம், இரண்டு என்றால் ஆதாரம் அல்லவா? உன் கடிதத்தின் நகலையும் என் நோட்டின் நகலையும் ஆஸ்வினிடம் கொடுத்தேன். பையன் துள்ளிக் குதித்துவிட்டான். “சார், இது பெரிய நியூஸ் சார்! ரெண்டாவது க்ளைமாக்ஸ் இருக்குன்னு யாருக்குமே தெரியாது சார்!” வேலவதாசனின் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாராம், அவருக்கு எழுதப்போகிறானாம். 24ஆம் தேதி அழைப்பிதழில் ‘காணாமல் போன முடிவு’ என்று போட்டு, உன் பெயரையும் சேர்க்கிறான். இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. நீ மேடைக்கு வர வேண்டும். ஆட்டோ நான் அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தட்டிய கை வலதா இடதா? நோட்டில் நான் குறிக்கவில்லை. அப்படி விடுகிறவன் இல்லையே நான். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

நன்றியுடன்,
ராஜநாயகம்

*

தியாகராய நகர்,
14 ஆகஸ்ட் 2025

ராஜநாயகம்,

அழைப்பிதழை நிறுத்து. முதலில் அதைச் செய்துவிட்டு மீதியைப் படி.

தட்டிய கை எதுவென்று எனக்கும் தெரியாது, ஏனென்றால் அவன் தட்டவில்லை. உன் தலையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்னுடையது.

அன்று இடைவேளைக்குப் பிறகு அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற காட்சி வந்ததும் நீ எழுந்தாய். “தலைவலி, வெளியில நிக்கிறேன்” என்றாய். லூயிசா அவள் அம்மா வீட்டுக்குப் போய் அப்போது மூன்று வாரம். நீ பன்னும் டீயுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாய். மீதிப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன். வெளியே வந்தால் நீ சைக்கிள் ஸ்டாண்டு சுவரில் உட்கார்ந்திருக்கிறாய். வாயைத் திறக்கக் கூடாதே, உன் விதி! “முடிவை எழுதி அனுப்பு”, என்று மட்டும் சொன்னாய்.

தீபாவளிக் கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் நின்று பில் புத்தகத்துத் தாளில் எழுதினேன். சிவப்பிரகாசம் வாசல் வரை வந்து திரும்பிப் போனான் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. உன் அம்மா சொல்லிப் பார்த்தார், கோவில் ஃபாதர் சொல்லிப் பார்த்தார், நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். நீ அசையவில்லை. ஆனால் வேலவதாசன் சொன்னால் கேட்பாய். அவர் திரும்பிப் போ என்று படம் எடுத்துவிட்டால் நீ போயே போய்விடுவாய் என்று பயந்தேன். அதனால் தட்ட வைத்தேன். நீ நம்ப வேண்டுமே என்று உன் பாணியில் காட்சி எண்ணும் போட்டேன். அந்த நேரம் எதிரில் வேட்டி எடுக்க வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குடையைத் தொலைத்ததற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வசனம் அவர்களுடையது.

என் கடிதத்தை நோட்டில் அழகாகப் படியெடுத்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பாய். அதுதானே உன் வழக்கம். பிறகு எல்லாம் உன் கையெழுத்து. நாற்பத்திரண்டு வருடமாக நீ அந்தக் காட்சியைப் புகழும் போதெல்லாம் சொல்லிவிட நினைத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைப்பானேன். போன வாரம் மறுபடி பொய் எழுதியது நீ டாக்டரிடம் போய்ப் பயப்படக் கூடாது என்றுதான். இரண்டு தடவையும் உனக்காகத்தான். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டியாவது எழுது.

கருணாகரன்

*

மந்தைவெளி,
25 ஆகஸ்ட் 2025, திங்கள்

அன்புள்ள கருணாவுக்கு,

அழைப்பிதழை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பதினொரு நாள் எனக்கு எழுத வரவில்லை. கோபம் உன் மேலா என் மேலா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. நான் வாழ்க்கையில் துணிந்து செய்த காரியம் ஒன்றே ஒன்று. அதையும் நீ எழுதிக் கொடுத்து நான் நடித்தேன் என்றால் எப்படி இருக்கும்?

கடைசியில் லூயிசாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தாள். நீ திட்டு வாங்கப்போகிறாய் என்று நினைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, “யாரு கதவத் தட்டினது?” என்றாள்.

“நான்தான்.”

“நீங்க எங்க தட்டினீங்க? எங்கம்மா வீட்டுக் கதவு பகல்ல என்னைக்கு சாத்தியிருக்கு? எதிர் பிளாட்பாரத்துல அரை மணி நேரம் நின்னீங்க. நான் ஜன்னல்லயிருந்து பாத்துட்டேதான் இருந்தேன். சுண்டல்காரரு, ‘இன்னா சார், யாரனா தேடிக்கினு கீறியா?’ன்னாரு. ‘இல்லப்பா, சும்மா’ன்னுட்டு நீங்க பஸ் ஸ்டாப்ப பாத்து நடக்க ஆரம்பிச்சிட்டீங்க. நான்தான் ஓடி வந்து சட்டையப் புடிச்சேன்.”

“அப்ப நான் தட்டலையா?”

“ஊருக்கெல்லாம் தட்டினேன் தட்டினேன்னு சொல்லிட்டிருந்தீங்க. சந்தோசமா சொல்றாரு, சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

அவளும் நாற்பத்திரண்டு வருடம்! உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லாமல் போயிற்று.

அன்று முழுவதும் யோசித்தேன். உன் பொய் என்னை அந்தத் தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அங்கே போனதும் நான் வேலவதாசன் எடுத்தபடிதான் நடந்துகொண்டேன், அவர் முடிவைப் பார்க்காமலே. அவர் என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார் என்று பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. என் காதில் மட்டும் அந்த மூன்று தட்டல் இன்னும் கேட்கிறது. அதனால் ஷில்பாவிடம் நானே சொல்லி டாக்டரைப் பார்க்க மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நாலரை மணி.

நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். பதினான்கு பக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன், முகங்கள் தெரியாவிட்டால் பயம் குறையும் என்று. “இந்தப் படத்தின் கடைசி ரீலை நான் இந்த மாதம்தான் முதல்முறையாகப் பார்த்தேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லாமல் ஒரு நண்பர் என்றேன். ஆஸ்வினுக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் நாகரிகமான பிள்ளை, தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

டீனா என்று ஒரு பெண் எழுந்து, “சார், அப்போ எந்த முடிவு சார் கரெக்ட்?” என்று கேட்டாள். நான் தயாராக இல்லை. ஐம்பது வருடத்தில் அவரைப் பற்றி ஒரு குறை சொன்னவன் இல்லை, அதுவும் மைக்கில். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது: “டைரக்டர் கேமராவ ரெண்டு நிமிஷம் முன்னாடியே நிறுத்திட்டாரும்மா.”

கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. நான் சொன்னது சரிதானா என்றும் தெரியவில்லை. லூயிசா மூன்றாவது வரிசையில் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சிரித்தாளா அழுதாளா என்பது கண்ணாடி இல்லாத எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள்.

உன்,
ராஜநாயகம்