நீலக்கழுத்து எண் மூன்று

மார்ச் 4

இன்றும் சந்தைக் காட்சி. ஏழு மணி நேரம் நின்றேன். கதாநாயகன் விண்கலத்துக்கு எரிபொருள் பேரம் பேசுகிறான். அவன் தோளுக்குப் பின்னால் மங்கலாக நீலக் கழுத்தோடு ஒரு ஜந்து தெரியும். அது நான். நான்கு வருடமாக இந்தத் தொடரில் நான் வேற்றுக்கிரகவாசி. எங்கள் கிரகத்துக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. வசனம் கிடையாது. பட்டியலில் நான் ‘நீலக்கழுத்து 3’.

பக்கத்தில் எப்போதும்போல ரெண்டு. நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவர் பெயர் தெரியாது, முகமும் தெரியாது. ஆண்களுக்கு வேறு ஒப்பனை அறை, வேறு வேன். ஒட்டிய முகமூடியைச் சாயங்காலம்வரை கழற்ற முடியாது, மதியம் சூப்பைக்கூட உறிஞ்சுகுழலில்தான் குடிக்க வேண்டும். ஒலியைப் பிறகுதான் சேர்ப்பார்கள் என்பதால் கேமரா ஓடும்போதும் ரப்பருக்குள் கிசுகிசுப்போம்.

இன்று இருமிக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் போனீரா என்று கேட்டேன். “போனேன் மூணு. ஒண்ணுமில்லன்னுட்டாரு” என்றார். நம் இனத்தில் பொய் சொன்னால் கழுத்து வெளுத்துவிடும், ஜாக்கிரதை என்றேன். அந்த விதியைப் போட்டவரே அவர்தான்.

மார்ச் 9

விடுமுறை. வாயைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் அண்ணி போனில் கூப்பிட்டபோது குரல் கரகரத்தது. “இன்னும் அந்த ரப்பர் மூஞ்சிய மாட்டிக்கிட்டுத்தான் திரியறியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

இணையத்தில் ரசிகர் ஒருவர் எங்கள் இனத்தைப் பற்றி முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். நீலக்கழுத்தர்கள் இடது முழங்காலை மடித்து வணங்குவது அவர்களுடைய பழைய மதத்தின் அடையாளமாம்! ரெண்டுக்கு இடது முழங்கால் வலி. வெகுநேரம் நின்றால் தானாக மடியும். தனியாக மடித்தால் இயக்குநர் திட்டுவாரே என்று நானும் சேர்ந்து மடித்தேன். மதம் உருவாகிவிட்டது. நாளை அவரிடம் சொல்ல வேண்டும், சிரிப்பார்.

மார்ச் 10

வரவில்லை.

மார்ச் 13

ரெண்டு வந்தார் என்று நினைத்து மதக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். முழங்கால் மடியவே இல்லை, கம்பம் மாதிரி நின்றது அந்த உருவம். கையைப் பார்த்தேன். சின்னக் கை. அவருடைய முகமூடிக்குள் வேறு யாரோ.

இயக்குநர் கவனிக்கவில்லை, யாருமே கவனிக்கவில்லை. ஆள் சேர்க்கும் ஏஜென்டிடம் போய் ரெண்டு எங்கே என்று கேட்டேன். “அதான் நிக்குதே?” என்றார். பழைய ஆளைக் கேட்கிறேன் என்றேன். “ரெண்டுன்னா முகமூடிம்மா. உள்ள யாருன்னு நான் எங்க எழுதி வைக்கிறது?”

நான் மட்டும் என்ன யோக்கியம்? நான்கு வருடத்தில் ஒரு தடவையாவது, உங்க பேரென்னன்னு கேட்டேனா? கேட்க வாய் வரலையா எனக்கு? வாய் ஓயாம பேசினேனே.

மார்ச் 16

உடை கொடுப்பவர் ஒருவழியாகச் சொன்னார். ரெண்டை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். பெயர் அவருக்கும் தெரியவில்லை. நாளை போகிறேன். அவரைவிட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது. எழுதிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

மார்ச் 17

போனேன். ஜன்னலோரமாக இரண்டு கட்டில். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இன்னொருவருக்கு இடது முழங்காலில் கட்டு. இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? “ரெண்டு!” என்றேன். “வாங்க வாங்க” என்று முகமெல்லாம் சிரிப்பு. நான் நினைத்ததைவிடக் குண்டு. அதனால் என்ன!

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். மதக் கதை, புது ஆள் கம்பமாய் நிற்பது, நீங்கள் இல்லாமல் ஒரு நாள் ஒரு வருடமாக நகர்வது, எல்லாம் சொன்னேன். கடைசியாகச் சொன்னதை ரப்பருக்குள் இருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் அதிகம் பேசவில்லை, தலையாட்டிக் கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 20

மறுபடி போனேன். முழங்கால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்கம்மா, நான் அவர் இல்ல” என்றார்.

கண்டக்டர் வேலை பார்த்தவராம், படியில் விழுந்து கால் முறிந்திருக்கிறது. “பதினோரு நாளா என்னைப் பார்க்க ஒருத்தரும் வரல. நீங்க வந்து உக்காந்ததும் இல்லேன்னு சொல்ல மனசு வரல.”

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நேற்று மகன் வந்து தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டானாம். எந்த ஊரென்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டேன். உறவில்லாதவர்களுக்கு விவரம் தர மாட்டார்களாம்.

“நீங்க பேசினது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு. நீங்க போனதும், அவங்க என்னைப் பார்க்க வந்தவங்கன்னு சொன்னாரு. ஏன்யா கூப்பிடலைன்னு கேட்டேன். என் மூஞ்சியப் பார்த்தா ஏமாந்துருவாங்கன்னாரு.”

கோபம் கோபமாக வருகிறது. ஏமாறுவேன்னு நீ எப்படி முடிவு பண்ணின? கிழவா, ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அப்படியென்ன மூஞ்சி — இனி எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 21

படப்பிடிப்பு. நின்றேன்.

மார்ச் 22

நின்றேன்.

மார்ச் 25

இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், புது ரெண்டு எங்கே தயாராகிறது என்று விசாரித்தேன். எங்கள் அறையிலேயே, மூலையில், முதல் நாற்காலி. பெண்! முப்பது வயது இருக்கும். புருவத்தில் தழும்பு, தூக்கம் போதாத கண். தினமும் நான் வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஒட்டி முடித்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

ஒப்பனைக்காரர் பசையைக் குழைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

“என்னக்கா?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. ஒட்டறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்துக்கலாம்னு வந்தேன். உன் பேரென்ன?”